கல்முனைக்குடிக் கொத்தும் சீனக்குடா மா ஆலையும்

கல்முனைக்குடியில் இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் பிரதான வீதிக்கு வரும் நேரம், கொத்துக் கடைகளில் தகடு தட்டும் சத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது வாங்கும் ஒரு கோழிக் கொத்தைச் சாப்பிடுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ரொட்டி கோதுமை மாவில் போட்டது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் கப்பலில்தான் வருகிறது. அதில் பெரும் பங்கு திருகோணமலைச் சீனக்குடாவில் இறங்கி, பிரிமா ஆலையில் மாவாகிறது. கோழி பக்கத்து ஊர்க் கூட்டில் வளர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அது குஞ்சாக வந்த பெட்டியும் அது தின்ற தீனி மூட்டையும் அதே பிரிமா குழுமத்திலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. முட்டைக்கும் அதே கதைதான். வெங்காயம், லீக்ஸ், பச்சை மிளகாய், ஆணம், அடிக்கிறவரின் கைவேகம், இவைதான் மிச்சம்.

பிரிமா சிங்கப்பூர்க் கம்பனி. 1961இல் அங்கே தொடங்கி, துறைமுக ஓரத்தில் மா ஆலை போட்டது. தானியக் களஞ்சியத்தின் உச்சியில் சுழலும் உணவகம் ஒன்றையும் 1977இல் திறந்தது. கோதுமைக் குவியலுக்கு மேலே உட்கார்ந்து சீனச் சாப்பாடு சாப்பிடுகிற அந்த வேடிக்கை 2020 வரை நடந்தது. அதே 1977இல்தான் அது இலங்கை அரசாங்கத்தோடு கையெழுத்து வைத்தது. சிங்கப்பூர் எங்கள் கரைக்குப் புதிய பெயர் இல்லை. நாகூர் ஆண்டகையின் பெயரில் எங்கள் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேறுகிறது. அதே பெயரில் சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் வீதியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தர்கா இன்னும் நிற்கிறது. மரக்கலம் போன திசையிலிருந்து மா திரும்பி வந்தது என்று சொல்லிவைக்கலாம். அது பேச்சுக்கு. கணக்கு வேறு இடத்தில் கிடக்கிறது.

பல்தேசியக் கம்பனி ஒன்று வளர்ந்த கதையை நம் பத்திரிகைகளில் இரண்டே விதமாகத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, முதலீடு வந்தது, வேலை வந்தது, தரம் வந்தது என்ற வாழ்த்துமடல். மற்றது, ஏகாதிபத்தியம் நம் அடுப்பங்கரைக்குள் புகுந்துவிட்டது என்ற சாபம். இரண்டிலும் கம்பனிதான் கதாநாயகன் அல்லது வில்லன். அரசாங்கம் மேடைக்குப் பின்னால் திரை இழுக்கிற ஆள். சீனக்குடாக் கதையில் அது பொருந்தாது. அங்கே மேடையைக் கட்டியது, விளக்கைப் போட்டது, சனத்தைக் கூட்டிவந்தது எல்லாமே அரசாங்கம். கம்பனி கெட்டிக்காரத்தனமாக ஆடியது, அவ்வளவுதான்.

கோதுமை மா இங்கு பிரிமாவோடு வந்ததில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து அறுந்தபோது, பங்கீட்டில் அரிசியைக் குறைத்து மாவைக் கொடுத்தார்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் ரொட்டி அன்றாட உணவாக ஊன்றியதற்கும் மாவின் மலிவும் பங்கீடும்தான் பெரிய காரணம். பிறகு அமெரிக்காவின் உணவு உதவி வந்தது. அதனால்தான் நம் பெரியவர்கள் பலர் அதை இன்றும் ‘அமெரிக்கன் மா’ என்கிறார்கள். அரிசியை வைத்து அரசியல் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதை 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் காட்டியது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற, தெரு எரிந்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். அதற்குப் பின் வந்த எந்த அரசாங்கத்துக்கும் மலிவான மா ஒரு காப்புறுதி. சோற்றில் கை வைத்தால் ஆட்சி போகும். பாணைக் கொடுத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். 1973, 74இல் அந்தப் பாணும் தட்டுப்பாடாகி, விடியுமுன் பாண் வரிசையில் நின்றவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த வரிசைதான் 1977 தேர்தலில் வாக்காக மாறியது என்றால் மிகையில்லை.

ஜே.ஆர். அரசாங்கம் கதவைத் திறந்தது, பிரிமா வந்தது. ஒப்பந்தத்தின் எலும்பு எளிமையானது. எங்கள் பக்கத்து ஆலையில் நெல்லைக் குத்தக் கொடுத்தால் அரிசியை நாம் தூக்கிவருவோம், தவிடு ஆலைக்காரரிடம் நிற்கும். கூலிப் பேச்சு அதை வைத்துத்தான் நடக்கும். அந்தக் கிராமத்துக் கணக்கையே நாட்டளவுக்குப் பெருப்பித்தார்கள். அரசாங்கம் கோதுமையை வாங்கி இறக்கும். பிரிமா அரைத்து, பேசிய அளவு மாவைத் திருப்பிக் கொடுக்கும். தவிடும் மற்ற உபபொருட்களும் அரைகூலியாகக் கம்பனிக்கு. ஆலையைக் கம்பனி தன் பணத்தில் கட்டி, 20 ஆண்டு நடத்தி, பிறகு அரசிடம் ஒப்படைக்கும். 1980இல் ஆலை ஓடத் தொடங்கியது.

கோதுமை வாங்கும் தலையிடி கம்பனிக்கு இல்லை. உலக விலை ஏறினால் திறைசேரி பார்த்துக்கொள்ளும். மாவை விற்கும் தலையிடியும் இல்லை. அரச நிறுவனங்களும் கூட்டுறவுக் கடைகளும் பார்த்துக்கொள்ளும். கையில் மிஞ்சுவது தவிடு. நூறு கிலோ கோதுமையை வெள்ளை மாவாக அரைத்தால் ஏறத்தாழ 75 கிலோ மா நிற்கும், மற்றது தவிடும் குறுணியும். நாடே தின்னும் கோதுமையில் நாலில் ஒரு பங்கு என்றால் அது சின்னத் தவிடு இல்லை. 1982இல் இதே குழுமத்தின் சிலோன் கிரெய்ன் எலிவேட்டர்ஸ் உருவானது. கால்நடைத் தீனி, பிறகு கோழிக் குஞ்சு, பிறகு வெட்டிப் பொதிசெய்த கோழி. அரிசி ஆலையின் பின்பக்கத்தில் குவிந்து கிடக்கும் பொருளிலிருந்து ஒரு தொழில் எப்படி முளைக்கும் என்று சம்மாந்துறை ஆலைக்காரரும் படிக்க வேண்டிய பாடம் அது. இதில் களவு ஒன்றும் இல்லை. தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை.

அதற்கு அடுத்ததுதான் இடிக்கிறது. 20 ஆண்டு முடிந்து ஆலை மக்கள் சொத்தாகத் திரும்பியிருக்க வேண்டிய நேரத்தில், 2001இல், அரசாங்கம் அதைக் கம்பனிக்கே விற்றது. அப்போது ஆட்சி சந்திரிகா அம்மையாருடையது. கட்டக் கொடுத்தவர் நீலக் கட்சியா பச்சைக் கட்சியா, விற்றவர் யார் என்று பிரித்துச் சண்டை போட வேண்டியதில்லை. ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார். அரசின் கையிலிருந்த கோதுமை இறக்குமதியும் தனியார் கைக்குப் போனது. அடுத்த இரண்டே ஆண்டில், 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் வந்தது. அது, 1987இல் அமைக்கப்பட்ட நியாயமான வியாபார ஆணைக்குழுவை இல்லாமலாக்கியது. அந்த ஆணைக்குழு பெரிதாகக் கிழித்தது என்று சொல்லவில்லை. ஆனால் ஏகபோகம், கம்பனி இணைப்பு ஆகியவற்றை விசாரிக்கும் அதிகாரமாவது அதன் ஏட்டில் இருந்தது. புதிய சட்டத்தில் அந்தப் பக்கமே காணாமல் போனது. அன்றிலிருந்து அதிகாரசபையின் வேலை, பெருநாள் சந்தையில் விலைப்பட்டியல் தொங்குகிறதா என்று பார்த்துச் சின்னக் கடைக்காரனுக்குத் தண்டம் எழுதுவது. மா ஆலையின் வாசலில் போய் ஏகபோகத்தை விசாரிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை.

2008இல் கொழும்புத் துறைமுகத்தில் டுபாய் அல் குரைர் குழுமத்தின் செரண்டிப் ஆலை வந்தது. போட்டி வந்துவிட்டது என்று அப்போது மகிழ்ந்தோம். கோதுமை மணிக்கு ஒரு வரி, அரைத்த மாவாக இறக்கினால் அதற்குக் கூடிய வரி என்ற ஏற்பாட்டுக்குள் இரண்டு ஆலைகள் இருந்தால், அந்தப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை நுகர்வோர் விலை ஏறும் நாட்களில் கண்டுகொண்டார்கள். ஒருவர் ஏற்றினால் மற்றவர் ஏற்றுவார். பேக்கரி உரிமையாளர் சங்கம் கொழும்பில் ஊடகச் சந்திப்பு வைக்கும். அடுத்த நாள் காலை கல்முனையில் பாண் விலை மாறும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவில் சுகார்த்தோ ஆட்சியில் 1971இல் ஓடத் தொடங்கிய பொகசாரி ஆலையின் கதை ஏறத்தாழ இதே அச்சுத்தான். அங்கே கோதுமை இறக்குமதி புலொக் என்ற அரச நிறுவனத்தின் ஏகபோகம். அரைக்கும் உரிமை ஆட்சிக்கு நெருங்கிய லியெம் சியோ லியோங்கின் சலீம் குழுமத்துக்கு. அந்த மாவின் மேல்தான் இந்தோமி நூடில்ஸ் ஏறி நின்றது. சோறு தின்ற தேசம் ஒன்று ஒரே தலைமுறையில் நூடில்ஸ் தின்னப் பழகியது. 1998இல் நாணய நிதியம் வந்து புலொக்கின் ஏகபோகத்தை அறுத்தபோது, ஆலையும் நூடில்சும் அசைக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தன. எங்கள் ஊரில் சவூதி போய்வந்த யாரைக் கேட்டாலும் இந்தோமியின் ருசியைச் சொல்வார்கள். தென்கிழக்காசியாவின் உணவுக் கம்பனிகள் வளர்ந்த விதத்தில் இந்த மூன்று படியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முதலில் அரசின் தானியம், பிறகு தனியாரின் ஆலை, கடைசியில் பக்கெற்றுக்குள் உள்ளூர் ருசி.

மூன்றாவது படியில்தான் நம் கொத்து வருகிறது. கொத்து கிழக்கு மாகாணத்து முஸ்லிம் கடைகளில் பிறந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். மட்டக்களப்பா, திருகோணமலையா என்ற வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை. மிஞ்சிய ரொட்டியையும் மிஞ்சிய ஆணத்தையும் வீணாக்காமல் தகட்டில் போட்டு அடித்த ஏழைச் சாப்பாடு அது. அதன் ருசியை நூடில்சில் ஏற்றி பிரிமா ‘கொத்துமீ’ என்று பக்கெற்றில் போட்டது; இன்று நாடு முழுக்கச் சின்னக் கடைகளிலும் அது தொங்குகிறது. இதே குழுமம் சிங்கப்பூரில் ‘பிரிமா டேஸ்ட்’ என்ற பெயரில் லக்சாவையும் அப்படித்தான் உறையில் போட்டு உலகத்துக்கு விற்கிறது. தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத ருசியைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு உறையும் பெயரும் கொடுப்பது பெரிய வித்தை. கொத்தைக் கண்டுபிடித்தவருக்கு உரிமைப் பணம் கேட்கவில்லை. அவர் யாரென்றே தெரியாது. ஆனால் கடற்கரை வீதிக் கடைக்காரர் ஒருவர் தன் ஆணத்தூளைப் பக்கெற்றில் போட்டு விற்க நினைத்தால் எந்த வங்கி கடன் கொடுக்கும், எந்த ஆய்வுகூடம் பரிசோதித்துத் தரும் என்று கேட்கலாம்தானே.

வீட்டுக்குள் மா நுழைந்த வழியைப் பற்றி ஆண்கள் எழுதும் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. கல்முனைக்குடியில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஒரு காலத்தில் அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுக்க வேண்டும். பாதி நாள் வேலை. கோதுமை மாவை அப்படியே பிசைந்தால் பிட்டு களியாகிவிடும். அதற்கும் நம் பெண்கள் வழி கண்டார்கள். மாவைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடாறுமுன் கட்டியை உடைத்து அரித்தால், பசைத்தன்மை அடங்கி அரிசி மாவைப் போல உதிரியாக நிற்கும். அரை மணித்தியாலத்தில் மா தயார். எந்தக் கம்பனியின் விளம்பரப் பிரிவும் சொல்லிக்கொடுத்த வித்தையில்லை இது. சிங்கப்பூரிலிருந்து வந்த கம்பனிக்கு இந்தத் தீவின் காலைச் சாப்பாட்டை முழுதாகத் திறந்துவிட்டது அந்த அவித்த மாதான். இடியப்பம் பிழிந்து கடைக்குக் கொடுத்துப் பிள்ளை படிப்பித்த தாய்மார் எங்கள் ஊரில் ஏராளம். அவர்களிடம் போய் ‘பாரம்பரிய அரிசிக்குத் திரும்புங்கள்’ என்று மேடைப்பேச்சுப் பேசுகிறவருக்கு, உரல் உலக்கையைக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

யுத்தமும் மாவுக்கே சாதகமாக இருந்தது. மட்டக்களப்பு–திருகோணமலைக் கடலோர வீதி அப்போது இருந்தும் இல்லாததுதான். கிண்ணியாவில் படகுப் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். அங்கே பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். லொறிகள் பொலன்னறுவை சுற்றி வந்தன. என்றாலும் மா வந்தது, ஏனென்றால் அரசாங்கத்துக்கு அது வரவேண்டியிருந்தது. வயலுக்குப் போகப் பயந்த காலத்தில், நெல் வெட்டியும் வீடு சேர்க்க முடியாமல் போன காலத்தில், பேக்கரி போறணை எரிந்தது. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மருதமுனையும் கடலோரம் முழுவதும் துடைத்தெறியப்பட்ட பின், பள்ளிக்கூடங்களில் ஒதுங்கியவர்களுக்குப் பாணும் பணிசும் சோற்றுப் பொதியும்தான் உயிர் பிடித்தன. உரலும் இடியப்பத் தட்டும் கடலோடு போன வீட்டில் பாண் ஒரு வசதி இல்லை, வேறு வழியே இல்லாத நிலை. இன்று ‘சூன் பாண்’ ஆட்டோ பீத்தோவனின் இசையைப் போட்டுக்கொண்டு குறுக்கு வீதியெல்லாம் நுழைகிறது. குழந்தைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டால் ‘பணிஸ் வந்துட்டு’ என்று ஓடுகின்றன. பாவம் பீத்தோவன்.

மாவைப் பற்றி எழுதுகிற அம்பாறை மாவட்டத்துக்காரன் 2018ஐத் தாண்டிப் போக முடியாது. அந்தப் பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை போடுகிறார்கள் என்று கும்பல் சேர்ந்தது. கடைகள் உடைந்தன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னார், அது கரையாத மாக்கட்டி என்று. நாடு முழுக்க எல்லாச் சமூகமும் தின்கிற அதே மா. ஒரே மூட்டையிலிருந்து எடுத்த மாவைச் சிங்களவர் பேக்கரியில் பார்த்தால் பாண், முஸ்லிம் கடையில் பார்த்தால் மாத்திரை. அதற்கு ஐந்து ஆண்டு முந்தி, 2013 மார்ச்சில், பொதுபல சேனாவின் கூச்சல் தாங்காமல் ஜம்இய்யதுல் உலமா உள்ளூர்ப் பொருட்களில் ஹலால் இலச்சினையைக் கைவிட இணங்கியது. பெரிய கம்பனிகளுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஏற்றுமதிக்கு அந்தச் சான்றிதழ் தேவை, 2014இலிருந்து அதற்கென்றே தனிச் சபை இயங்குகிறது. அடி விழுந்தது ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு. பல்தேசியக் கம்பனி வளர்கிறது என்றால், சந்தேகப்படாமல் வாங்கப்படும் உரிமையும் அதற்குக் கிடைத்துவிடுகிறது. உறையும் இலச்சினையும் உள்ள பக்கெற்றை யாரும் பிரித்துக் கட்டி தேடுவதில்லை.

இத்தனைக்கும் நடுவில் நாம் நெல் விளைகிற மாவட்டம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் பாயும் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்கள் நாட்டின் முன்னணி நெற்களஞ்சியங்களில் சேரும். அறுவடை நேரம் நெல் ஈரத்தோடு விலை விழுந்து கிடக்க, பொலன்னறுவைப் பெரிய ஆலைகளின் லொறிகள் வந்து ஏற்றிக்கொண்டு போகின்றன. சில மாதத்தில் அதே நெல் அரிசியாகப் பளபளத்த பைகளில் திரும்பி வந்து, நம் சந்தையில் நமக்கே கூடின விலைக்கு விற்கிறது. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது அந்தப் பெரும்போக விளைச்சல் சரிந்தது. 2022இல் டொலர் முடிந்தது, யுக்ரேன் யுத்தத்தால் கோதுமை விலை உலகமெங்கும் ஏறியது, மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. சோறும் போய்ப் பாணும் எட்டாமற்போன அந்த மாதங்களில், ஒரு கப்பல் தாமதித்தால் கல்முனைக்குடியில் எத்தனை போறணை அணையும் என்பதை முதன்முதலாகக் கண்ணால் கண்டோம்.

ஆகவே அரிசி மாவுக்கு மாறுவோம் என்பது சொல்லச் சுலபம். கொத்துக் கடைக் காக்கா ஒருவரிடம் கேட்டேன். “அரிசி மாவ விசிறி இழுக்கேலுமா தம்பி? கையோட பிஞ்சி வந்திரும்,” என்றார். உண்மைதான். கோதுமையில் இருக்கிற பசைப்புரதம் அரிசியில் இல்லை. ரொட்டியும் பாணும் அரிசியிடம் தோற்கும். ஆனால் பிட்டும் இடியப்பமும் அரிசியின் சொந்த இடம். அங்கே கோதுமை வந்தது ருசிக்காக இல்லை, விலைக்கும் நேரத்துக்குமாக. வறுத்த அரிசி மாப் பக்கெற் பெரிய கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது, இடியப்பம் பிழிந்து பிழைக்கிறவருக்குக் கட்டுப்படியாகாத விலையில். சம்மாந்துறையில் நெல்லை அரிசியாக்கும் ஆலைகளுக்குப் பக்கத்தில் மாவாக்கி வறுக்கும் இயந்திரம் போடுவதற்குச் சிங்கப்பூர் முதலீடு தேவையில்லை. தேவை நிச்சயமான ஒரு வாங்குநர். பிரிமாவுக்கு 1977இல் கிடைத்தது அதுதான். அதில் நூறில் ஒரு பங்கு உறுதியை, இந்த மாவட்டத்து அரச வைத்தியசாலைகளின் நோயாளர் உணவு, பாடசாலைப் பகலுணவு ஆகியவற்றின் கேள்விப்பத்திரம் வழியாக உள்ளூர் அரிசி மாவுக்குக் கொடுக்கலாம். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் காலையில் இடியப்பம் கொடுத்தால் எந்தப் பல்தேசியக் கம்பனியும் வழக்குப் போடாது.

கம்பனியை விரட்ட வேண்டும் என்பது என் கட்சியில்லை. சீனக்குடா ஆலை நின்றால் முதலில் பட்டினி கிடப்பது மலைநாட்டுத் தோட்டமும் எங்கள் கடைத்தெருவும்தான். கேட்பதெல்லாம் கணக்கு. கோதுமை என்ன விலைக்கு இறங்குகிறது, மணிக்கும் மாவுக்கும் இடையிலான வரி வித்தியாசத்தால் ஆலைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எவ்வளவு, அதற்குப் பதிலாக நுகர்வோருக்கு என்ன கிடைக்கிறது? 2003இல் சட்டத்திலிருந்து கழன்று விழுந்த ஏகபோகப் பிரிவை மீண்டும் எழுதுவது யாருடைய வேலை? வரி வர்த்தமானிகள் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு வருகின்றன. அங்கே இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். அதற்காக அம்பாறை மாவட்டத்து உறுப்பினர் எவரும் கட்சி மாற வேண்டிய அவசியம்கூட இல்லை.